கடமைப் பணம், கொடைப் பணம்: உலக சுகாதார நிறுவனம் ஓடும் விதம்

துவாலு பசிபிக் கடலில் ஒன்பது தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் நாடு. மக்கள்தொகை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டாது. 2024-25 கணக்குப்படி அது உலக சுகாதார நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சந்தா ஏறத்தாழ 5,700 டாலர். அதே இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவுக்குப் போன பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 13 கோடி டாலர். அப்போது மே மாதம் ஜெனீவாவில் உறுப்பு நாடுகள் எல்லாம் உலக சுகாதாரப் பேரவையாகக் கூடியபோது இந்த இரண்டு நாடுகளுக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டுதான். நிறுவனத்தின் பலமும் தீராத தகராறும் இந்த ஏற்பாட்டிலிருந்தே பிறக்கின்றன.

சந்தாத் தொகை எப்படி முடிவாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஐக்கிய நாடுகள் சபை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு விகிதப் பட்டியல் தயாரிக்கிறது. ஒரு நாட்டின் மொத்த தேசிய வருமானத்தை டாலரில் எடுத்துக்கொண்டு, கடந்த 3 ஆண்டுச் சராசரி, 6 ஆண்டுச் சராசரி என்று இரண்டு முறை கணக்கிடுகிறார்கள். ஒரே ஆண்டின் எண்ணை எடுத்தால், நாணய மதிப்பு ஒருமுறை சரிந்தாலோ எண்ணெய் விலை ஒருமுறை ஏறினாலோ கணக்கே மாறிவிடும். வெளிக்கடன் அதிகம் உள்ள நாட்டுக்கு அதற்கேற்பக் கழிவு உண்டு. தனிநபர் வருமானம் உலகச் சராசரிக்குக் கீழே இருந்தால் இன்னொரு கழிவு. கடைசியில் மூன்று வேலிகள் போடுகிறார்கள்: எந்த நாடும் 0.001 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மிக வறிய நாடுகள் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எந்தப் பணக்கார நாடும் 22 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. துவாலு முதல் வேலியில் நிற்கிறது, அமெரிக்கா மூன்றாம் வேலியில். வருமானத்தை மட்டும் பார்த்தால் அமெரிக்காவின் பங்கு இன்னும் கூடும். அதன் உச்சவரம்பு முன்பு 25 சதவீதமாக இருந்தது. 2000 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அதை 22 ஆகக் குறைத்தது.

உலக சுகாதார நிறுவனம் இந்தப் பட்டியலைச் சிறு திருத்தத்தோடு எடுத்துக்கொள்கிறது. குக் தீவுகளும் நியூவேயும் ஐ.நா.வில் உறுப்பினர்கள் இல்லை, இங்கே உறுப்பினர்கள். லிக்டன்ஸ்டைன் அங்கே உறுப்பினர், இங்கே இல்லை. இந்த வேறுபாடுகளைச் சரிக்கட்டத்தான் திருத்தம். பட்டியல் உலகப் பொருளாதாரத்தின் நகர்வையும் காட்டுகிறது: ஐ.நா. கணக்கில் 2022-24 காலத்துக்கு 15.254 சதவீதமாக இருந்த சீனாவின் பங்கு, 2025-27 காலத்துக்கு 20.004 ஆக உயர்ந்தது.

பில்லில் ஒரு சிறிய வரி பலர் கண்ணில் படுவதில்லை. சர்வதேச நிறுவன ஊழியர்களின் சம்பளத்துக்குப் பெரும்பாலான நாடுகள் வருமான வரி போடுவதில்லை. தன் குடிமக்களிடம் வரி வசூலிக்கும் நாடு இருந்தால், அந்த ஊழியருக்கு நிறுவனம் அந்த வரியைத் திருப்பித் தருகிறது; அந்தச் செலவு அந்த நாட்டின் பில்லிலேயே ஏறுகிறது. இல்லாவிட்டால் ஒரு நாட்டின் கருவூலத்துக்குப் போகும் வரியை மற்ற எல்லா நாடுகளும் சேர்ந்து கட்டியதாகிவிடும்.

பணம் எந்த நாணயத்தில் வருகிறது என்பதும் முக்கியம். ஆண்டுக்கு 2 லட்சம் டாலரோ அதற்கு மேலோ கட்டும் நாடுகள் பாதியை டாலரிலும் பாதியை சுவிஸ் ஃபிராங்கிலும் கட்ட வேண்டும். தலைமையகம் ஜெனீவாவில், அங்கே சம்பளமும் வாடகையும் ஃபிராங்கில். வரவு முழுக்க டாலரில் இருந்த காலத்தில், ஃபிராங்க் விலை ஏறிய ஒவ்வொரு முறையும் யாரும் எதையும் வெட்டாமலே பட்ஜெட் சுருங்கியது.

சந்தாவுக்கு உரிய நாள் ஜனவரி 1. அன்றே கட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். சில நாடுகளின் நிதியாண்டு வேறு மாதத்தில் தொடங்குகிறது; சிலவற்றில் நாடாளுமன்றம் ஒதுக்கீட்டை நிறைவேற்றும்வரை காத்திருக்க வேண்டும். சம்பளம் காத்திருக்காது. இந்த இடைவெளியை நிரப்ப வைத்திருக்கும் நடப்பு மூலதன நிதி 3.1 கோடி டாலர். 2024-25இல் சந்தாவாக எதிர்பார்த்த தொகை ஏறத்தாழ 114.8 கோடி, அதாவது ஆண்டுக்கு 57 கோடிக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் அந்தக் கையிருப்பு மூன்று வாரத்துக்குக்கூட வராது. அதற்குமேல் தாமதமானால் நிறுவனம் தன்னுடைய வேறு நிதிகளிலிருந்து கைமாற்று வாங்கித்தான் ஓட்ட வேண்டும்.

கட்டாமல் விட்டால் என்ன நடக்கும்? அமைப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பணக் கடமையை நிறைவேற்றாத உறுப்பினரின் ஓட்டுரிமையையும் அதற்குத் தரும் சேவைகளையும் பேரவை நிறுத்திவைக்கலாம் என்கிறது. நடைமுறையில், முந்தைய இரண்டு முழு ஆண்டுகளுக்கான சந்தா அளவுக்குப் பாக்கி சேர்ந்தால் பெயர் பட்டியலில் ஏறும். மே மாதப் பேரவை தீர்மானம் போடும். அடுத்த பேரவை தொடங்கும் நாளிலும் பாக்கி குறையாமல் இருந்தால் ஓட்டு போகும். இடையில் உள்ள ஓராண்டு வேண்டுமென்றே விடப்படும் அவகாசம். போர், பஞ்சம், அரசு கவிழ்ந்த நிலை போன்றவற்றில் சிக்கிய நாடுகளுக்குத் தவணை முறை உண்டு. தவணை ஒழுங்காக வந்தால் ஓட்டு பறிபோகாது. சேவையை நிறுத்தும் அதிகாரம் ஏட்டில் இருந்தாலும், தடுப்பூசிக்குக் காத்திருக்கும் குழந்தையைத் தண்டித்துப் பாக்கி வசூலிப்பதை யாரும் ஏற்க மாட்டார்கள். அதனால் உண்மையான ஆயுதம் ஓட்டு ஒன்றுதான். சிறிய நாட்டுக்கு அது வலிக்கும். பெரிய நாட்டுக்கு வலிப்பதில்லை. அதன் செல்வாக்கு ஓட்டில் இல்லை.

இதை அமெரிக்கா 1980களிலேயே காட்டிவிட்டது. 1985இல் அதன் நாடாளுமன்றம் ஒரு சட்டத்திருத்தம் நிறைவேற்றியது: பட்ஜெட் விஷயங்களில் பணம் கட்டும் அளவுக்கேற்ப ஓட்டு தரப்படாவிட்டால், ஐ.நா.வுக்கும் அதன் சிறப்பு நிறுவனங்களுக்கும் 20 சதவீதத்துக்கு மேல் கட்டக் கூடாது. அந்தக் கோரிக்கை அப்படியே நிறைவேறவில்லை. ஆனால் பெரும் பங்கு கட்டும் நாடுகளின் அழுத்தம் சந்தாவை உறைய வைத்தது. முதலில் விலைவாசி உயர்வுக்கு மட்டும் ஈடு, நிஜ உயர்வு இல்லை என்றார்கள். 1993இல் அதுவும் போய், எண்ணளவிலேயே உயர்வு கூடாது என்ற கொள்கை வந்தது. அதன் தாக்கம் வெகுகாலம் நீடித்தது. 2018-19, 2020-21, 2022-23 ஆகிய மூன்று ஈராண்டுகளிலும் சந்தா மொத்தம் ஒரே எண்: 95.69 கோடி டாலர். உலகம் ஒரு பெருந்தொற்றின் நடுவே நின்றபோதும் அந்த எண் அசையவில்லை.

வேலை மட்டும் பெருகியது. அந்தப் பள்ளத்தை நன்கொடை நிரப்பியது.

பெயர் எழுதி வரும் பணம்

நன்கொடை மூன்று விதமாக வரும். எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம் என்று தருவது முதல் வகை. இது மிகச் சொற்பம். தாய்சேய் நலம், அவசரநிலை என்று ஒரு துறையைச் சொல்லித் தருவது இரண்டாவது. இன்ன நாட்டில், இன்ன நோய்க்கு, இன்ன தேதிக்குள் என்று கட்டி அனுப்புவது மூன்றாவது, பெரும்பகுதி இதுதான். அரசுகள், வளர்ச்சி வங்கிகள், அறக்கட்டளைகள் எல்லாரும் தருகிறார்கள். ஒரு தனியார் அறக்கட்டளையான கேட்ஸ் அறக்கட்டளை, பல ஆண்டுகளில் பெரும்பாலான நாடுகளைவிட அதிகம் தந்திருக்கிறது. சந்தாவின் பங்கு மொத்த வரவில் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

பெயர் எழுதிய பணத்தால் நிறுவனத்தின் உள்ளே என்ன ஆகிறது? ஒவ்வொரு திட்டத்துக்கும் கணக்காளர், கொள்முதல் பிரிவு, மின்சாரம், பாதுகாப்பு எல்லாம் வேண்டும். இதற்காக நன்கொடையிலிருந்து 13 சதவீதம் நிர்வாகச் செலவாகப் பிடிக்கலாம் என்று 1981இல் பேரவை முடிவு செய்தது. பல கொடையாளர்கள் இதைப் பேரம் பேசிக் குறைக்கிறார்கள். குறைகிற ஒவ்வொரு புள்ளியும் சந்தாப் பணத்திலிருந்து போகிறது. அதாவது, யாரோ ஒருவர் விரும்பிய திட்டத்துக்கு எல்லா நாடுகளின் பொதுப்பணம் மறைமுகமாக மானியம் தருகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் வேலையின் தன்மையில் இருக்கிறது. போலியோவை எடுத்துக்கொள்வோம். பதினைந்து வயதுக்குட்பட்ட ஒரு குழந்தைக்குத் திடீரென்று கால் துவண்டு போனால், காரணம் எதுவாக இருந்தாலும் அது பதிவாக வேண்டும். கண்காணிப்பு ஊழியர் வீட்டுக்குப் போய், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகளை, கால் துவண்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் எடுக்கிறார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 கிராம். பனிக்கட்டி வைத்த பெட்டியில் 2 முதல் 8 டிகிரி குளிரில் அது அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்வரை போய்ச் சேர வேண்டும். வழியில் சூடேறினால் வைரஸ் செத்துவிடும். ஆய்வகம் ‘இல்லை’ என்று சொல்லும், அந்த ‘இல்லை’ பொய்யாக இருக்கும். இந்த வலை வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு: போலியோ அல்லாத காரணங்களால் கால் துவளும் குழந்தைகள் லட்சத்துக்கு ஒருவராவது ஆண்டில் பதிவாக வேண்டும். அதற்குக் கீழே போனால் நோய் இல்லை என்று பொருளல்ல, தேடுவதற்கு ஆள் இல்லை என்று பொருள்.

ஆள், வண்டி, குளிர்ப்பெட்டி, ஆய்வகம் என்று இந்த வலை முழுக்கப் போலியோ என்று பெயர் எழுதிய பணத்தில் கட்டப்பட்டது. ஆனால் அதே ஆட்கள்தான் தட்டம்மையையும் மஞ்சள் காய்ச்சலையும் கண்டுபிடிக்கிறார்கள். 2014 ஜூலையில் எபோலா லாகோஸ் நகரத்துக்குள் நுழைந்தபோது, நைஜீரியா தன் போலியோ அவசர மையத்தின் ஊழியர்களையும் முறைகளையும் அப்படியே அதற்குத் திருப்பியது. இரண்டு கோடி மக்கள் நெருங்கி வாழும் பகுதிக்குள் வந்த நோய், நாடு முழுவதும் 20 பேரோடு நின்றது. போலியோ ஒழிந்தால் அந்தப் பணம் நிற்கும். பணம் நின்றால், எபோலாவை நிறுத்திய அதே ஆட்களுக்கு வேலை போகும். ஒரு நோயை ஒழிப்பதில் வெற்றி பெற்றால் மற்ற நோய்களைப் பார்க்கும் கண் மூடிக்கொள்ளும் என்ற இந்த ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. பெயர் எழுதிய பணம் இயல்பாகவே கொண்டுவந்து விட்ட நிலை இது.

காவி (Gavi) தடுப்பூசிக் கூட்டணி 2000த்திலும் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் 2002இலும் தொடங்கப்பட்டன. இவற்றில் சந்தாவே கிடையாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொடையாளர் மாநாடு கூட்டி வாக்குறுதி வாங்குகின்றன. ஒரு குறிப்பிட்ட பொருளை வாங்கி விநியோகிக்க இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. விதி வகுப்பது, தரம் நிர்ணயிப்பது, கண்காணிப்பது போன்ற வேலைகளுக்கு இது ஒத்துவராது. அவற்றின் பலன் புகைப்படத்தில் வராது.

உள்ளே வர வழி உண்டு, வெளியே போக?

உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் 1946 ஜூலை 22 அன்று நியூயார்க்கில் 61 நாடுகளால் கையெழுத்திடப்பட்டு, 1948 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. உள்ளே வர இரண்டு வழி: ஐ.நா. உறுப்பு நாடு சட்டத்தை ஏற்றால் போதும். மற்ற நாடுகளுக்குப் பேரவையில் சாதாரணப் பெரும்பான்மை வேண்டும். வெளியே போவதற்குப் பிரிவே இல்லை. நோய் எல்லை பார்க்காது, ஆகவே எல்லா நாடும் உள்ளே இருக்க வேண்டும் என்பது எழுதியவர்களின் எண்ணம்.

இது முதல் ஆண்டிலேயே சோதனைக்கு வந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் சேர்வதற்கான தீர்மானத்தில், ஓராண்டு முன்னறிவிப்புத் தந்து விலகும் உரிமை தனக்கு உண்டு, அந்த நிதியாண்டுக்கான பணக் கடமையை முழுவதும் தீர்த்துவிடுவோம் என்று எழுதிக்கொண்டது. 1948 கோடையில் முதல் பேரவை அதை ஏற்றது. இப்படி நிபந்தனையோடு சேர்ந்த நாடு அது ஒன்றுதான்.

1949 பிப்ரவரியில் சோவியத் ஒன்றியம், உக்ரைன், பெலாரஸ் மூன்றும் விலகுகிறோம் என்று தந்தி அடித்தன; கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பின்தொடர்ந்தன. முதல் தலைமை இயக்குநர் பிராக் சிஷோம், சட்டத்தில் விலகலுக்கு இடமே இல்லை என்று பதில் சொன்னார். அந்த நாடுகள் ‘செயல்படாத உறுப்பினர்கள்’ ஆயின. பெயர் பட்டியலில் இருந்தது, நாற்காலி காலியாக இருந்தது. 1950களின் நடுவில் அவை திரும்ப விரும்பியபோது, இடைப்பட்ட ஆண்டுகளின் சந்தா முழுவதையும் கேட்டிருந்தால் பேச்சே முறிந்திருக்கும். அடையாளமாக ஆண்டுக்கு 5 சதவீதம் கட்டினால் போதும் என்று பேரவை முடிவு செய்தது. இதில் கிடைத்த பலனைப் பணத்தால் அளக்க முடியாது. 1958இல் மினியாபொலிஸ் பேரவையில் பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்கலாம் என்று முன்மொழிந்தவர், திரும்பி வந்த சோவியத் குழுவின் விக்தர் ஜ்தானோவ். உறைநிலையில் உலர்த்திய தடுப்பூசியைப் பெருமளவில் கொடுத்ததும் அந்த நாடுதான். 1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்ததாகப் பேரவை அறிவித்தது.

உள்ளே இருப்பவரை வெளியே தள்ளவும் சட்டத்தில் வழியில்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசின் ஓட்டுரிமையை 1964இல் பேரவை நிறுத்தியபோது, பயன்பட்டது அதே 7ஆம் பிரிவுதான். பணப் பாக்கியோடு ‘பிற விதிவிலக்கான சூழ்நிலைகள்’ என்ற சொற்களும் அதில் இருக்கின்றன. ஓட்டு 1994இல்தான் திரும்பியது. நிறப்பாகுபாட்டை வெளிப்படையாகக் காரணமாகச் சேர்க்கும் திருத்தம் 1965இல் நிறைவேறியது. மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் தத்தம் நாட்டு முறைப்படி ஏற்காததால் அது இன்றுவரை உயிர் பெறவில்லை.

தைவான் விவகாரம் வேறு வகை. அங்கே கேள்வி, சீனாவின் நாற்காலி யாருக்கு என்பது. 1971இல் ஐ.நா. பொதுச்சபை பெய்ஜிங் அரசுக்கு இடம் தந்தது. 1972இல் சுகாதாரப் பேரவையும் அதையே செய்தது. 2009 முதல் 2016 வரை ‘சீனத் தைபே’ என்ற பெயரில் தைவான் பார்வையாளராக அமர்ந்தது. 2017இலிருந்து அழைப்பு இல்லை. 1989இல் பாலஸ்தீனம் உறுப்பினராக விண்ணப்பித்தபோது, ஏற்றால் பணம் நிறுத்துவோம் என்று அமெரிக்கா சொன்னது. பேரவை முடிவைத் தள்ளிவைத்தது. சந்தாவில் 22 சதவீத உச்சவரம்பு வைத்ததற்கு ஐ.நா. வட்டாரங்களில் சொல்லப்படும் நியாயமும் இதுதான்: ஒரே நாட்டை அதிகம் நம்பினால் அந்த நாட்டின் கோபத்துக்கு எல்லாரும் பிணை.

2020 ஜூலையில் அமெரிக்கா விலகல் அறிவிப்புத் தந்தது. ஓராண்டு முடியுமுன், 2021 ஜனவரி 20 அன்று புதிய அதிபர் அதைத் திரும்பப் பெற்றார். 2025 ஜனவரியில் மறுபடி அறிவிப்பு. 2026 ஜனவரி 22 அன்று விலகல் முடிந்ததாக அமெரிக்கா சொன்னது. ஆனால் 2024, 2025 ஆண்டுகளின் சந்தா, ஏறத்தாழ 26 கோடி டாலர், கட்டப்படவில்லை. 1948 தீர்மானத்தின் சொற்களைப் படித்தால், பாக்கியைத் தீர்ப்பது விலகலோடு சேர்த்துக் கட்டப்பட்ட கடமை. விலகுமுன் கட்டியாக வேண்டும் என்று எங்கும் இல்லை என்பது அமெரிக்காவின் வாதம். கட்டாயப்படுத்த நீதிமன்ற அமீனா யாரும் இல்லை. 2025 பிப்ரவரியில் அர்ஜென்டினாவும் விலகுவதாக அறிவித்தது. அதன் கையில் 1948 நிபந்தனை போன்ற எதுவும் இல்லாததால் கேள்வி இன்னும் கடினம்: பிரிவே இல்லாத ஒப்பந்தத்திலிருந்து விலகலாமா? 1969 வியன்னா ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, அப்படி விலக முடியாது என்பதைப் பொது விதியாக வைக்கிறது. விலகலுக்கு இடம் உண்டு என்று தரப்பினர் கருதியது தெரிந்தாலோ, ஒப்பந்தத்தின் இயல்பிலிருந்தே அது விளங்கினாலோ மட்டும் விலக்கு.

விலகல் ஒரு ஆய்வகத்தின் மேசையில் எப்படி இருக்கும் என்பதை ஃப்ளூ தடுப்பூசியில் பார்க்கலாம். 1952இலிருந்து இயங்கும் கண்காணிப்பு வலையில், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் தேசிய மையங்கள் நோயாளிகளின் மூக்கு, தொண்டை மாதிரிகளிலிருந்து வைரஸைப் பிரித்து, அட்லாண்டா, லண்டன், டோக்கியோ, மெல்போர்ன், பெய்ஜிங் போன்ற ஒத்துழைப்பு மையங்களுக்கு அனுப்புகின்றன. பிப்ரவரியில் வட கோளத்துக்கும் செப்டம்பரில் தென் கோளத்துக்கும் எந்த வகை வைரஸைத் தடுப்பூசியில் சேர்ப்பது என்று முடிவாகிறது. தயாரிப்புக்கு ஆறு மாதம் பிடிக்கும் என்பதால் அந்தத் தேதிகளை நகர்த்த முடியாது. மாதிரிகள் வருவது தாமதமானால், வேறு வைரஸுக்குப் பொருந்தும் ஊசி கோடிக்கணக்கான கைகளில் ஏறும். அட்லாண்டா போன்ற ஒரு மையத்தின் நாடு உறுப்பினர் இல்லாமல் போனால் இழப்பு இரண்டு பக்கமும்தான்.

உறுப்பினராக இல்லாமலும் விதிகளுக்குக் கட்டுப்படலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிமுறைகளில் லிக்டன்ஸ்டைனும் வத்திக்கானும் தரப்பினர்கள். இரண்டும் நிறுவனத்தில் உறுப்பினர்கள் இல்லை. அதுபோல 1902இல் தொடங்கிய அமெரிக்கக் கண்டங்களின் சுகாதார அமைப்பு சட்டப்படி தனி நிறுவனம். ஒன்றிலிருந்து வெளியேறினால் மற்றொன்றிலிருந்தும் தானாக வெளியேறியதாக ஆகாது. கதவுகள் பல. எது திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பணத்தின் பக்கம் விளைவு உடனே தெரிந்தது. 2026-27க்கு 530 கோடி டாலர் என்று போட்ட பட்ஜெட்டை 2025 மே மாதப் பேரவை 420 கோடியாகக் குறைத்தது. தலைமையகத்தில் 76ஆக இருந்த துறைகள் 34 ஆயின. அதே பேரவையில் இன்னொரு முடிவும் வந்தது, அதுதான் இந்தக் கதையில் பெரிய திருப்பம். சந்தாவைப் படிப்படியாக ஏற்றி, 2030-31க்குள் 2022-23 அடிப்படை பட்ஜெட்டின் பாதி அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 220 கோடி டாலருக்குக் கொண்டுவருவது என்று 2022இல் ஒப்புக்கொண்டிருந்தார்கள். முதல் 20 சதவீத உயர்வு 2024-25இல் வந்தது. இரண்டாவது 20 சதவீதத்தை, பெரிய நாடு ஒன்று கிளம்பிக்கொண்டிருந்த நேரத்திலேயே, மற்ற நாடுகள் நிறைவேற்றின. துவாலு போன்ற நாட்டுக்கு இது ஆண்டுக்கு ஓராயிரம் டாலருக்குச் சற்று மேல் கூடுதல். பட்ஜெட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 2030-31 வரை ஒவ்வொரு ஈராண்டும் இதே ஓட்டு மறுபடி எடுக்கப்படும், ஒவ்வொரு முறையும் ஒரு நாட்டுக்கு ஒரு கை.